ஃபாக்ஸ்பி3

ஃபாக்ஸ்பி3 என்பது ஒழுங்குபடுத்தும் டி செல்களின் உட்கருவில் செயல்படும் படியெடுத்தல் காரணி. நோய் எதிர்ப்புச் செல்கள் சொந்த உடலையே தாக்காதபடி அடக்கி வைப்பவை இந்த டி செல்கள். ஃபாக்ஸ்பி3 டிஎன்ஏவில் அமர்ந்து, அடக்கும் பணிக்குத் தேவையான சிடிஎல்ஏ4 போன்ற மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. தாக்குதலைத் தூண்டும் இன்டர்லூகின்-2 போன்றவற்றை ஒடுக்குகிறது. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது.

டி செல்களில் ஒரு பிரிவு அடக்குமுறைப் பணி செய்கிறது என்ற கருத்து 1970 வாக்கில் எழுந்து, 1980களில் செல்வாக்கிழந்தது. 1995இல் ஜப்பானின் சிமோன் சககுச்சி, சிடி25 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு அச்செல்களைப் பிரித்துக் காட்டினார்.

ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் காட்டிக்கொடுத்தது ஓர் எலி. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து எலிக்கூட்டத்தில், தோல் செதில் செதிலாக உரியும் ஆண் குட்டிகள் தாமாகவே தோன்றின. ‘ஸ்கர்ஃபி’ எனப் பெயரிடப்பட்ட அவை மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கி, சில வாரங்களிலேயே இறந்தன. குறையைச் சுமந்த பெண் எலிகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாய்களின் வழியாகவே இவ்வெலிமரபு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறாமல் காக்கப்பட்டது. 1990களில் வாஷிங்டன் மாநிலத்தின் பாத்தெல் நகரில், ஒரு மருந்தாய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் எக்ஸ் குரோமோசோமைத் துருவி, ஐயத்துக்குரிய மரபணுக்களை 20 ஆகக் குறைத்தனர். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் பிழை அகப்பட்டது கடைசி மரபணுவில். அதுவும் கூடுதலாக நுழைந்துவிட்ட இரண்டே எழுத்துகள். கண்டுபிடிப்பு 2001இல் வெளியானது. ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஐபெக்ஸ் நோய்க்கும் இதே மரபணுவின் பழுதே காரணம் என்பது அதே ஆண்டில் தெரியவந்தது. 2003இல் சககுச்சி, ராம்ஸ்டெல், அலெக்சாண்டர் ருடென்ஸ்கி ஆகியோரின் குழுக்கள் இம்மரபணுவை ஒழுங்குபடுத்தும் டி செல்களோடு இணைத்தன.

2006இல் அஞ்சனா ராவும் உடனாய்வாளர்களும் ஃபாக்ஸ்பி3 தனித்து இயங்குவதில்லை என்று காட்டினர். ஏபி-1 என்ற காரணியுடன் சேர்ந்தால் இன்டர்லூகின்-2ஐத் தூண்டும் என்ஃபாட் என்ற படியெடுத்தல் காரணி, ஃபாக்ஸ்பி3 உடன் சேரும்போது அதை ஒடுக்குகிறது. இதனால் ஃபாக்ஸ்பி3க்கு வழங்கப்படும் ‘தலைமைக் காரணி’ என்ற பட்டம் அதற்கு முழுதும் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஃபாக்ஸ்பி3 வருமுன்பே திறந்திருக்கும் டிஎன்ஏ பகுதிகளையே அது பெரும்பாலும் பயன்படுத்திக்கொள்வதாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மனிதரில், தூண்டப்பட்ட சாதாரண டி செல்களிலும் இது சிறிது காலம் தென்படுவதால், அடையாளக்குறியாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

தமிழகத்தில், சுபாஷ் பாபு, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. குமாரசாமி ஆகியோர் பங்கேற்ற யானைக்கால் நோய் ஆய்வு 2006இல் வெளியானது. இரத்தத்தில் புழு உள்ளவர்களின் செல்களை உயிருள்ள ஒட்டுண்ணிகளால் தூண்டியபோது ஃபாக்ஸ்பி3 வெளிப்பாடு உயர்ந்ததாக அது தெரிவித்தது. புழுக்கள் உடலில் நீண்டகாலம் தங்க இவ்வடக்குமுறை உதவக்கூடும்.

ஃபாக்ஸ்பி3 மூலக்கூறுகள் ஏணிபோல் அடுக்கமைந்து டிஎன்ஏ இழைகளை இணைப்பதாக ஆய்வாளர் சன் ஹரின் குழு அண்மையில் விவரித்துள்ளது. பிரங்கோ, ராம்ஸ்டெல், சககுச்சி மூவரும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.