நெட்டிக் கோபுரங்கள்

ஒரு கட்டடத்தையோ தேரையோ கப்பலையோ அதன் உறுப்புகளின் விகிதம் பிசகாமல் சிறிதாக்கிச் செய்வதை அளவுமாதிரிக் கலை எனலாம். மூலத்தின் அளவுக்கும் மாதிரியின் அளவுக்கும் உள்ள உறவே அளவு விகிதம் எனப்படும். 1:72 என்ற விகிதத்தில் 72 அடி உயரம் ஓரடியாகச் சுருங்கும். 1936இல் பிரிட்டனில் ‘ஃபிராக் பென்குயின்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பிளாஸ்டிக் விமான மாதிரிகள் இந்த விகிதத்தைப் பரவலாக்கின. 1963இல் அதே நாட்டில் தோன்றிய பன்னாட்டு பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கம் போன்ற அமைப்புகள், உறுப்பினர்களின் படைப்புகளை ஆண்டுக்கொருமுறை காட்சிக்கு வைத்து, நடுவர்களைக் கொண்டு பரிசளிக்கும் வழக்கத்தைப் பல நாடுகளிலும் வேரூன்றச் செய்தன. திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், துறையூர் வட்டாரத்தில் இக்கலையின் வரலாறு வேறொரு பொருளிலிருந்து தொடங்குகிறது. பிளாஸ்டிக்குக்கு வெகுகாலம் முன்பே இங்குள்ள கைவினைஞர்கள் குளத்து நீரில் வளரும் நெட்டியைச் செதுக்கிக் கோயில்களைச் சிறிதாக்கினார்கள். அந்தக் கோயில்கள் பொருட்காட்சிகளுக்கென்றும் பயணிகளுக்கென்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பப்பட்டன. பரிசுக்கும் பார்வைக்குமான அந்தப் பயணமே நெட்டிக் கோயிலின் வடிவத்தைப் பெருமளவு தீர்மானித்தது என்று கருத இடமிருக்கிறது.

நெட்டி என்பது ஏரி, குளம், சதுப்பு ஆகியவற்றில் தேங்கிய நீரில் வளரும் அவரைக் குடும்பச் செடி. தாவரவியலார் இதனை ஈஸ்கினோமினி ஆஸ்பெரா என்பர். பழுப்பு நிறத் தோலைச் சீவினால் உள்ளே வெண்மையான, மென்மையான, மிக இலேசான சோறு தண்டு முழுதும் நிறைந்திருக்கும். வங்கத்தில் இதற்குச் சோலா என்று பெயர்; வெயிலுக்கு ஐரோப்பியர் அணிந்த தொப்பி இதனால் செய்யப்பட்டது. மீன்வலைக்கு மிதவையாகவும், கோயிலுக்கும் திருமணத்துக்கும் மாலையாகவும் நெட்டி பயன்பட்டிருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் கட்டும் சாயமேற்றிய நெட்டி மாலைகளைக் கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் இன்றும் குடும்பம் குடும்பமாகக் கட்டுகிறார்கள். ஆகவே நெட்டி முதலில் ஒருநாள் அலங்காரத்துக்கும் அன்றாடப் பயனுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. நெடுங்காலம் நிற்கும் கல்கோயிலின் உருவத்தை இத்தனை மெல்லிய பொருளில் நிலைநிறுத்தும் எண்ணம் வேறொரு தேவையிலிருந்தே பிறந்திருக்க வேண்டும்.

வேலையின் முறை எளிதாகத் தோன்றினாலும் பிழை பொறுக்காதது. உலர்ந்த தண்டுகளில் பருமனும் வெண்மையும் ஒத்தவை பொறுக்கப்பட்டு, தோல் சீவப்பட்டு, கூரிய கத்தியால் சதுரத் துண்டுகளாகவும் தகடுகளாகவும் அறுக்கப்படும். கத்தி சிறிது மழுங்கினாலும் நெட்டி வெட்டுப்படாமல் நசுங்கிவிடும் என்பதால், கைவினைஞர் அடிக்கடி கத்தியைத் தீட்டிக்கொள்வது வேலையின் ஒரு பகுதியாகும். தூண், கொடுங்கை, மாடம், கலசம் என ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே வெட்டப்பட்டுப் பசையால் ஒட்டப்படுகிறது. வண்ணம் பெரும்பாலும் பூசுவதில்லை. நெட்டியின் இயல்பான வெண்மை தந்தவேலையின் தோற்றத்தைத் தருவதால், அந்த வெண்மையைக் காப்பாற்றுவதே முடிபு வேலையாகிவிடுகிறது. தூசி படிந்தால் துடைக்க முடியாது, ஈரம் பட்டால் நிறம் மங்கும், விரல் அழுந்தினால் குழி விழும். இக்காரணங்களால் கண்ணாடிப் பெட்டி இக்கலையில் துணைப்பொருளாக இராமல் படைப்பின் ஓர் உறுப்பாகவே ஆயிற்று.

விகிதம் பற்றிய அறிவு இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. சிற்ப நூல்களில் இருவகை அங்குலங்கள் உண்டு. எட்டு யவை, அதாவது எட்டு வாற்கோதுமை மணி, கொண்ட மானாங்குலம் எல்லாப் பொருளுக்கும் பொதுவான நிலையளவு. தேகலப்தாங்குலம் என்பதோ செய்யப்படும் உருவத்தின் உயரத்தையே பகுத்துப் பெறுவது; உத்தம தசதாலம் என்ற அளவில் அமையும் திருமேனியின் உயரம் எவ்வளவாயினும் அதனை 124 கூறாக்கினால் ஒரு கூறு ஓர் அங்குலமாகும். உருவம் பெரிதானால் அங்குலம் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும், கூறுகளின் எண்ணிக்கை மாறாது. முழங்கை உயரப் படிமமும் ஆளுயரப் படிமமும் ஒரே கணக்கில் அமைவது இதனால்தான். அளவுமாதிரிக் கலையின் அடிப்படையான கருத்து இதில் முழுமையாக அடங்கியிருக்கிறது.

கட்டடத்திலும் இதே மனப்போக்கைக் காணலாம். திராவிட விமானத்தின் ஒவ்வொரு தளத்தையும் சுற்றி வரும் வரிசையில் மூலைகளில் சதுரமான கூடங்களும், நடுவில் நீண்ட வண்டிக்கூரை கொண்ட சாலைகளும், இடையிடையே பஞ்சரங்களும் இடம்பெறுகின்றன. இவை ஒவ்வொன்றும் முழுக்கோயில் ஒன்றின் சிற்றுருவமே. அதாவது கோயில் தன் உடம்பிலேயே கோயில்களின் மாதிரிகளைச் சுமந்து நிற்கிறது. நெட்டி வேலைக்காரர் சிற்ப நூல்களைக் கற்றிருந்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. சிற்றுருவம் பேருருவத்தின் குறைபட்ட நகல் என்று எண்ணாத ஒரு கட்டடக் கலைச் சூழலில் அவர் கண் பழகியிருந்தது என்பதே இங்கு முக்கியம்.

இந்தத் திறமையை விலைகொடுத்து நாடியவர்களில் திருச்சிராப்பள்ளிப் பாளையத்தில் தங்கியிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகளும் அவர்களைக் காணவந்த பயணிகளும் முக்கியமானவர்கள். ஊர் திரும்புவோர் எடுத்துச்செல்வதற்கென்றே அபிரகத் தகட்டில், அதாவது கண்ணாடி போன்ற மைக்காவில், தொழிலாளர்களையும் தெய்வங்களையும் தீட்டிய சிறு ஓவியங்கள் 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் தொகுதி தொகுதியாக விற்கப்பட்டன. நெட்டிக் கோயிலும் அதே சந்தையைச் சேர்ந்தது. ஐரோப்பியருக்கு இவ்வகைப் பொருள் புதிதன்று; 18ஆம் நூற்றாண்டில் உரோமாபுரிக்குச் சென்ற செல்வர்கள் அங்குள்ள பழைய கட்டடங்களின் தக்கை மாதிரிகளை வாங்கிவந்தார்கள், அந்தோனியோ கிக்கி என்ற கலைஞர் செய்தவை ஜெர்மனியின் காசல் நகரில் இன்றும் உள்ளன. தக்கையின் கரடான பழுப்பு இடிபாடுகளுக்குப் பொருந்தியது. நெட்டியின் மழமழப்பான வெண்மையோ வழிபாட்டில் இருக்கும் முழுமையான கோயிலுக்குப் பொருந்தியது. 1862இல் நாகப்பட்டினத்திலிருந்து இருப்புப் பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியபின், உடையக்கூடிய இப்பெட்டிகளைக் கட்டை வண்டியின் குலுக்கலுக்கு உட்படுத்தாமல் துறைமுகம் சேர்க்கும் வழியும் கிடைத்தது.

பொருட்காட்சி என்ற நிறுவனம் இக்காலத்தில்தான் உருவாயிற்று. 1851 மே மாதம் இலண்டன் ஹைடு பூங்காவில் திறக்கப்பட்ட மாபெரும் பொருட்காட்சியை ஏறத்தாழ 60 இலட்சம் பேர் கண்டார்கள். அதன் இந்தியப் பகுதிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பொருள்களைத் திரட்டி அனுப்பியது. சென்னையில் 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரும், அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபரும் செயலாற்றிய அக்காலத்தில், 1855இலும் 1857இலும் தென்னிந்திய மூலப்பொருள்களுக்கும் கைவினைகளுக்குமான பொருட்காட்சிகள் சென்னையில் நடைபெற்று, பொருள்வகை தோறும் அமர்த்தப்பட்ட நடுவர் குழுக்களின் அறிக்கைகள் நூலாகவும் அச்சிடப்பட்டன. 1886இல் இலண்டனில் நடந்த குடியேற்ற நாடுகள், இந்தியப் பொருட்காட்சியும், 1903இன் தொடக்கத்தில் தில்லியில் ஜார்ஜ் வாட் பொறுப்பில் நடந்த கலைப் பொருட்காட்சியும் இந்த வரிசையில் வருபவை. மாகாண வாரியாகப் பொருள்களை அடுக்கும் பழைய வழக்கத்தை விட்டு, மரம், உலோகம், கல் எனச் செய்பொருள் வாரியாக வாட் வகுத்ததால், வெவ்வேறு ஊர்களின் வேலைப்பாடுகள் அருகருகே நின்று நேரடிப் போட்டிக்கு உள்ளாயின.

போட்டி ஒரு கலையிடம் எதை எதிர்பார்க்கிறதோ, அதை நோக்கியே அக்கலை வளரும். பார்வையாளர் உடனே அடையாளம் காணும் கட்டடமாக இருக்க வேண்டும் என்பதால் தஞ்சைப் பெரிய கோயிலும், ஸ்ரீரங்கமும், மலைக்கோட்டையும் மீண்டும் மீண்டும் செய்யப்பட்டன. துறையூர்ச் சாலையில் உள்ள திருவெள்ளறை போன்ற சிறந்த கோயில்கள் அந்த மதிப்பைப் பெறவில்லை. உழைப்பின் நுணுக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் கோபுரத்தின் பதுமைகள் வரை வெட்டப்பட்டன. இவை யாவும் கலைக்கு நன்மையே. ஆனால் அக்காலப் பட்டியல்களில் பொருளின் பெயரும், ஊரின் பெயரும், அனுப்பிவைத்த அதிகாரியின் அல்லது குழுவின் பெயரும் இடம்பெறுவதே வழக்கமாக இருக்க, செய்தவர் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போனது ஒரு பெரும் குறை. இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் பொருளியல் தாவரவியல் தொகுப்பு போன்ற இடங்களில் நெட்டிப் பொருள்கள் செடியின் பயனைக் காட்டும் சான்றாகவே சேர்க்கப்பட்டன. அத்தகைய தொகுப்பில் தாவரத்தின் பெயருக்கு இருந்த இடம் கைவினைஞரின் பெயருக்கு இருக்கவில்லை.

வரலாற்றுச் சான்று என்ற வகையில் பழைய மாதிரிகளுக்கு உள்ள மதிப்பு இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை. ஸ்ரீரங்கத்தின் தெற்கு இராஜகோபுரம் விசயநகர அரசர் அச்சுதராயர் காலத்தில் தொடங்கப்பட்டதாகக் கூறப்பட்டு, அடித்தளத்தோடு நின்று, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மொட்டைக் கோபுரம் என்றே வழங்கப்பட்டது. 1979இல் தொடங்கிய திருப்பணி நிறைவடைந்து, 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட கோபுரத்துக்கு 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது. ஆகவே அதற்கு முன் கண்டவாறு செய்யப்பட்ட எந்த மாதிரியிலும் இக்கோபுரம் முழு உருவில் இருக்க வழியில்லை. ஒரு நெட்டி ஸ்ரீரங்கத்தின் காலத்தைக் கணிக்க முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் தெற்கு வாயில். கட்டடக் கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட நூலில், வெளிச்சுற்றிலிருந்து உள்ளே செல்லச் செல்ல ஸ்ரீரங்கத்தின் கட்டடங்கள் சிறுத்துக்கொண்டே போவதைக் குறையாகக் கூறினார். தெருவில் நடந்து செல்பவருக்கு அப்படித் தோன்றலாம்; ஏழு திருச்சுற்றுகளையும் மேலிருந்து ஒருசேரக் காட்டும் மாதிரியின் முன் நிற்பவருக்கோ, அத்தனை சுற்றுகளும் பொன்வேய்ந்த சிறு விமானம் ஒன்றை நடுவில் வைத்துக் காக்கின்றன என்பது புரிந்துவிடும். 1:200 விகிதத்தில் இன்றைய இராஜகோபுரம் 36 சென்டிமீட்டர் உயரம் வரும். அதன் வாயிலில் நிற்கும் மனிதர் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டரே இருப்பார்.

நெட்டிக்குத் துணையாக மரமும் இவ்வட்டாரத்தில் உண்டு. துறையூருக்கு வடகிழக்கே, பச்சைமலையின் கிழக்கு அடிவாரத்தில், முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து இப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் அமைந்த அரும்பாவூரில், கோயில் தேர்களுக்குச் சிற்பம் செதுக்கும் மரபினர் பெரிய தேர்வேலையோடு வீட்டு மேசையில் வைக்கத்தக்க சிற்பங்களையும் வாகை, வேம்பு முதலிய மரங்களில், பெரும்பாலும் ஒரே துண்டில் செதுக்குகிறார்கள்.

ஆண்டுதோறும் மாதிரிகளைக் காட்சிக்கு வைத்து மதிப்பிடும் வழக்கம் மக்களிடையே உயிரோடு இருக்கும் இடம் புரட்டாசி நவராத்திரிக் கொலு. ஸ்ரீரங்கம் கோயிலில் ஸ்ரீரங்கநாச்சியாரின் நவராத்திரி உற்சவம் நடக்கும் அதே நாள்களில் வீடுகளில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் கட்டப்பட்டுப் பொம்மைகள் அடுக்கப்படுகின்றன. படிகளில் அளவு விகிதம் பார்க்கப்படுவதில்லை. தெய்வம், மனிதர், விலங்கு என்ற வரிசை முறையே அங்கு சட்டம், செட்டியார் பொம்மை கோபுரத்தை விட உயரமாக இருந்தாலும் குற்றமில்லை. படிக்குக் கீழே தரையில் அமைக்கும் ‘பார்க்’கில் நிலைமை வேறு. மணலைப் பரப்பி, கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டு வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, அட்டையில் மலைக்கோட்டை எழுப்பும் பிள்ளைகள், பொம்மைப் பேருந்து தெருவை விடப் பெரிதாக இருந்தால் உடனே அதை மாற்றுகிறார்கள். குடியிருப்போர் சங்கங்களும் இதழ்களும் நடத்தும் கொலுப் போட்டிகளில் கடையில் வாங்கியதற்கும் கையால் செய்ததற்கும் வேறுபாடு பார்த்து மதிப்பெண் தருவது, மாதிரியாளர் கழகங்களின் நடுவர்கள் செய்வதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அட்டைக்கும் நெட்டிக்கும் பதிலாகத் தெர்மாகோல் வந்தது பெரிய மாற்றம். 1950களில் வணிகத்துக்கு வந்த இந்த நுரைப் பிளாஸ்டிக் நெட்டியைப் போலவே வெண்மையும் இலேசும் உடையது, தகடாகக் கிடைப்பது, விலை மலிந்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளின் மாதிரிகள் பெரும்பாலும் இதனாலேயே ஆயின. நெட்டியைக் கத்தி வெட்டும்போது விளிம்பு கூர்மையாக நிற்கும், தெர்மாகோலில் மணி மணியாக உதிரும். நுண்ணிய வேலைக்கு அது நெட்டிக்கு ஈடாகாது என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர்.

விடுதலைக்குப் பின் போட்டியின் பொறுப்பு அரசிடம் வந்தது. கைவினைஞர்களுக்கான தேசிய விருது 1965இல் ஏற்பட்டது. பூம்புகார் என்ற பெயரில் அறியப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973இல் அமைந்து, மாநில அளவில் பரிசும் ஆண்டுதோறும் கொலுக் கண்காட்சி விற்பனையும் நடத்திவருகிறது. 19ஆம் நூற்றாண்டுப் பொருட்காட்சிகளின் பரிசுகளிலிருந்து இவ்விருதுகள் வேறுபடுவது ஒன்றில்தான், ஆனால் அந்த ஒன்று அடிப்படையானது: விருதுச் சான்றில் செய்தவரின் பெயர் இருக்கிறது. 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தன்மையையும் புகழையும் அது பிறந்த இடத்தோடு பிணைத்துச் சட்டம் தரும் பாதுகாப்பே புவிசார் குறியீடு. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பதிவேட்டின் முதற்பகுதியில் பொருளும், இரண்டாம் பகுதியில் அதனைச் செய்யும் உரிமை பெற்றவர்களின் பெயர்களும் எழுதப்படுகின்றன. திருச்சிராப்பள்ளிப் பெயரோடு கடல் கடந்த ஒரு கலை தஞ்சாவூர்ப் பெயரில் பதிவாகியிருப்பதால், ஸ்ரீரங்கத்தை நெட்டியில் செய்துவந்தவர்களின் பங்கு அப்பதிவில் தனியே தெரியவில்லை. அயல்நாட்டுத் தொகுப்புகளில் உள்ள பழைய மாதிரிகளை அளந்து, படமெடுத்து, ஊரும் காலமும் குறித்துப் பட்டியலிடும் பணி இங்குள்ள பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகமும் மேற்கொள்ளத்தக்கது. அதற்கான முதல் அளவுகோலாக ஸ்ரீரங்கத்தின் மொட்டைக் கோபுரம் இருக்கிறது.