தண்டுப் பகுதியை ஊராக்கியவர்கள்

பெங்களூருத் தண்டுப் பகுதியின் வரலாறு பெரும்பாலும் படைமுகாமின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1809இல் ஆங்கிலேயப் படை அல்சூரை அடுத்து நிலைகொண்டது. அதன் பின்னே தமிழ் வணிகரும் ஒப்பந்தக்காரரும் கைவினைஞரும் குடியேறினர் என்பது அங்கே ஓரிரு வரிகளில் முடிந்துவிடும்.

ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரை அவ்வரிகளுக்குள் அடக்க இயலாது. வணிகத்தில் பொருளீட்டியவர்; அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர். (இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடம்தான், அதைக் காண்போர் ஆங்கிலேய ஆணையர்களையே நினைக்கின்றனர்.) 1873இல் அவர் நிறுவிய பள்ளியிலிருந்து வளர்ந்த ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறநிலையங்கள் இன்றும் இயங்குகின்றன. வந்தேறிகளின் குடியிருப்பை ஊராக்கியது படையன்று, கடைத்தெருவின் வருவாயே என்பது என் துணிபு. முகாம் ஆவணங்களுக்கு நாம் தரும் கவனம் அறக்கட்டளைப் பத்திரங்களுக்கும் வணிகரின் கணக்கேடுகளுக்கும் கிட்டவில்லை.

1949இல் தண்டும் பேட்டையும் ஒரே மாநகராட்சியாயின. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது அடுத்த ஆண்டில்.