மூடியின் மேல் ஒரு பறவை

ஆதிச்சநல்லூர் என்றதும் முதுமக்கள் தாழியும் பொற்பட்டமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மூடியைத் திறக்கக் கை நீளும் இடத்தில் ஒரு பறவை அமர்ந்திருக்கும். வேறு கலங்களிலும் தாங்கிகளிலும் எருமை, ஆடு, மான். மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற தம்மம்பட்டியில் இருந்துகொண்டு பார்க்கும்போது, கோயில் வாகனத்துக்குச் செலவிடும் அக்கறையை ஒரு சிறு மூடிக்கும் செலவிட்ட அந்தக் கன்னான் நமக்கு மிக நெருங்கியவனாகிறான்.

பொதுவாக வெண்கலத்தில் வெள்ளீயம் பத்து விழுக்காடு அளவில் இருக்கும். மிகுந்தால் உலோகம் நொறுங்கும். ஆனால் ஏறத்தாழ 23 விழுக்காடு சேர்த்து, செந்தணலில் காய்ச்சித் தட்டி, நீரில் தோய்த்தால் மெல்லிய, பொன்னிறக் கலம் கிடைக்கிறது. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கல்லறைகளிலும் கிடைத்த கலங்கள் சில இவ்வகையின என்பதைச் சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

கிரேக்கத்திலும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1962இல் தெசலோனிக்கி அருகே தெர்வேனியில் கிடைத்த, கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கலம் அது. சுமார் 90 செ.மீ. உயரம். தயோனிசசும் அரியாத்னேயும் புடைப்பாக நிற்கும் அதன் பொன்னிறத்துக்குக் காரணம் பொன் அன்று, வெள்ளீயமே. உள்ளே எரியூட்டிய எலும்புகள் இருந்தன. விளிம்பில் லாரிசா ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் அவர் தந்தையின் பெயரும் வெட்டப்பட்டுள்ளன. நம் வீட்டுச் சீர்ப்பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போலத்தான்!

இரண்டுமே கல்லறையிலிருந்து வந்தவை என்பது தற்செயல் அன்று. உடைந்த மண்கலம் ஓடாகக் கிடந்து காலத்தைக் கடக்கும். உடைந்த வெண்கலமோ உலைக்குப் போய்விடும். அதனாலேயே கிரேக்கக் கலை வரலாறு பெரிதும் மண்கல ஓவியங்களை நம்பி எழுதப்பட்டது. நம் இலக்கியத்திலும் புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் தாழி வனையும் குயவரையே விளிக்கின்றன. தாழியோடு புதைந்த வெண்கலத்தைச் செய்தவருக்கு அங்கே ஒரு விளி இல்லை.

உலை இன்றும் அணையவில்லை. பழைய பித்தளைக்கு எவர்சில்வர் மாற்றும் கடையில் அண்டாவும் தவலையும் எடைக்குப் போகின்றன; பெயரும் ஆண்டும் கூடவே போகின்றன. விற்க வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கொடுக்கும் முன் அந்த எழுத்துகளை ஒரு தாளில் படியெடுத்து வையுங்கள் என்றுதான் மாணவரிடம் கேட்டு வருகிறோம்.