அம்மா வழி வருவதெல்லாம் ஒன்றல்ல

பிள்ளை பிறந்ததும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் தொப்புள்கொடி ரத்தம் எடுத்து, 'ஜி-6-பி-டி' குறை உண்டா என்று பார்க்கிறார்கள். குறை இருந்தால் அந்துருண்டையும் சில மருந்துகளும் ஆகாது. ரத்தச் சிவப்பணு உடைந்து காமாலை வரலாம். "உன் ரத்தத்தாலதான் பேரனுக்கு இப்படி" என்று மாமியார் மருமகளை ஏசியதை இந்தப் பாசிர் கூடாங்கிலேயே காதால் கேட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கு எக்ஸ் இரண்டு. தகப்பனுக்கு ஒன்றுதான், கூட ஓர் ஒய். மகனுக்குத் தகப்பன் தருவது ஒய். ஆகவே மகனின் எக்ஸ் தாயிடமிருந்துதான் வர வேண்டும். தாயின் இரண்டில் ஒன்றில் குறை இருந்தால், மகனுக்கு அது வருவதும் வராததும் காசு சுண்டுகிற மாதிரி, பாதிக்குப் பாதி. இதில் அவள் குற்றம் என்னங்க? அந்த எக்ஸை அவளுக்கு அவள் தகப்பனே கொடுத்திருக்கலாம். தகப்பனின் எக்ஸ் மகள்மார் எல்லாருக்கும் போகும், மகனுக்குப் போகாது.

மைட்டோகாண்டிரியா கதை வேறு. உயிரணுவுக்குள் சக்தி உண்டாக்கும் சின்ன உறுப்பு அது. அதற்கென்று தனி டி.என்.ஏ. வளையம், 16,569 எழுத்து. 1981-ல் கேம்பிரிட்ஜில் முழுதும் படித்துவிட்டார்கள். எக்ஸிலோ 15 கோடிக்கும் மேல்! இந்த வளையம் தாயிடமிருந்து மகன், மகள் எல்லாருக்கும் வரும். ஆனால் மகனோடு நின்றுவிடும். என்னிடம் இருப்பது என் அம்மாவுடையது. என் பிள்ளைகளிடம் இருப்பது அவர்கள் அம்மாவுடையது.

தாயின் இரண்டு எக்ஸும் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும். மைட்டோகாண்டிரியா அப்படிக் கலப்பதில்லை, எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அதனாலே சரித்திரக்காரருக்கு அது கல்வெட்டு மாதிரி. 2005 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, ஐதராபாத்தில் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் அந்தமான் ஓங்கே மக்களிடம் மிகப் பழைய தாய்க்கிளைகளைக் கண்டது. மற்றது நம் மலேசிய ஓராங் அஸ்லி மக்களைப் பற்றியது: ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பிய கூட்டம் இந்தியக் கடலோரமாகவே இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது என்றது. காலக் கணக்கில் பிறகு தகராறு வந்தது உண்மைதான்.

ஒன்று, பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 முன்னோர் இடம் உண்டு. மைட்டோகாண்டிரியா காட்டுவது அதில் ஒருத்தியை மட்டும்.

ஐந்தாம் வகுப்பில், "உங்க அம்மாச்சியோட அம்மா பேரு என்ன?" என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை.