அடைக்கலமும் காவலும்

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. ஆன்ம சோதனை செய்யும் ஆண்டும் அதுவே. லேவியர் ஆகமத்தில் யூபிலியைப் பற்றிப் பேசும் அதே அதிகாரத்தில்தான், வறுமையுற்றவனைத் தாங்கி நம்மோடு வாழச் செய்ய வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. நம் கோவில் எழுந்த வரலாற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் கோவிலின் கதவைப் பற்றி எழுத விரும்புகிறோம். முன்பின் அறியாதவர் வந்து தட்டும்போது அக்கதவை எவ்வாறு திறப்பது?

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவு, ஒருவர் குருமனைக்கு வந்து, தம் தாயார் திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகவும், உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டிக்குப் பணமில்லை என்றும் கூறி அழுதார். கையிலிருந்ததைக் கொடுத்தனுப்பினோம். அதே தாயார் அடுத்த இரண்டு பங்குகளிலும் இறந்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம்! அந்தக் கசப்பு ஆறுவதற்குள், ஐப்பசி மழையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். சன்னல் வழியே பேசி, பஸ் நிலையத்திற்குப் போகச் சொல்லிவிட்டோம். காய்ச்சல் கண்ட குழந்தையோடு அவள் அங்கே விடியும்வரை உட்கார்ந்திருந்ததைக் காலையில் டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பெத்லகேமில் இடமில்லை என்று சொன்னவர்களைப் பற்றி ஆண்டுதோறும் பிரசங்கம் செய்யும் நாமே அன்று அதைச் செய்தோம். முதல் இரவில் விசாரிக்காமல் கொடுத்தோம். இரண்டாம் இரவில் விசாரிக்காமல் மறுத்தோம். தவறு இரண்டிலும் ஒன்றே.

அரியலூர்ச் சீமைக்கு இக்கேள்வி புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராத்திய அரசில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, கொள்ளிடத்திற்கு வடக்கே, அரியலூர்ப் பாளையத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சி அவர்களுக்குப் புகலிடமாயிற்று. 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் அங்கே தங்கிப் பணியாற்றினார். அங்குள்ள தேவதாயை அடைக்கல மாதா என்று போற்றினார். ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்து, அப்பெயரால் கலம்பகமும் பாடினார். அன்னைக்கு அடைக்கலம் என்ற பெயர், ஊருக்குக் காவல் என்ற பெயர்! ஓடி வருவோர்க்கு அடைக்கலம் வேண்டும். வந்தவர்க்கும் ஏற்றவர்க்கும் காவல் வேண்டும். காவலற்ற அடைக்கலம் நிலைக்காது. அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயர் முனிவரால் நோய் நீங்கப்பெற்று, 1735-இல் 175 ஏக்கர் நிலம் வழங்கினார் என்பது திருத்தல மரபு. ஆள்வோரின் நல்லெண்ணமும் அப்புகலிடத்திற்கு வேலியாக இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

அதே முனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அறத்துப்பாலில் விருந்தோம்பலும் ஈகையும் இருக்கின்றன. பொருட்பாலில், ஒருவரை ஆராய்ந்து நம்ப வேண்டும் என்னும் தெரிந்துதெளிதல் இருக்கிறது. அரசன் பணியாளரைத் தேர்வதற்குச் சொன்னதாயினும், நம் வாசலுக்கும் அது பொருந்தும். வள்ளுவர் ஒன்றுக்காக மற்றொன்றை விடவில்லை.

திருச்சபையின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஆதிக் கிறிஸ்தவர்களின் கைந்நூலாகிய திதாக்கே, ஆண்டவர் பெயரால் வரும் வழிப்போக்கரை ஏற்கச் சொல்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தங்க விரும்பினால் உழைத்து உண்ணட்டும் என்றும் சொல்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்து ஒழுங்குகளில், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கும்படி கட்டளையிட்டார். ஆனால் வாசலில் விவேகமுள்ள முதியவர் ஒருவரையும் அமர்த்தினார். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பால் சபையார் ஏழைகளை அவரவர் வீட்டிலேயே சென்று காண்கிறார்கள். இருவர் இருவராகச் செல்வது அவர்கள் வழக்கம். ஆண்டவரும் சீடர்களை இருவர் இருவராகத்தானே அனுப்பினார்!

நல்ல சமாரியன் உவமையைக் கூர்ந்து நோக்குங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை கள்வர் பதுங்கும் பாதை. காயம்பட்டவனைக் கண்ட சமாரியன் ஊரையும் குலத்தையும் கேட்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் தனியே சுமக்கவுமில்லை. சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, பொறுப்பைப் பகிர்ந்துகொண்டான்.

கண்ணெதிரே இரத்தம் சிந்துகிறவரிடம் விசாரணைக்கு இடமில்லை. 1956 நவம்பர் 23-இல் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அத்தகைய வேளையில் நீ யார் என்று எவர் கேட்பார்? இன்று பெரம்பலூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் விபத்தைக் கண்டு, போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டுமே என்று அஞ்சி ஒதுங்குவோர் உண்டு. அந்த அச்சம் இனி வேண்டாம். உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு 134-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 108-ஐ அழைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பது நம் கடமை.

கதை சொல்லிப் பணம் கேட்பவர் விஷயம் வேறு. அங்கே விசாரிப்பது பாவமன்று. மேற்சொன்ன இரண்டு இரவுகளுக்குப் பின், பங்குப் பேரவையோடு கலந்து சில ஒழுங்குகளைச் செய்தோம். வருபவருக்கு முதலில் தண்ணீரும் சோறும். அதற்குக் கேள்வி கிடையாது. பயணத்திற்குப் பணம் கேட்டால் உபதேசியாரோ இளைஞர் ஒருவரோ உடன்சென்று டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். மருந்துக்கென்றால் மருந்தாகவே வாங்கித் தருவோம். எவரையும் தனியே சந்திப்பதில்லை. இரவில் வரும் பெண்களையும் குழந்தைகளையும் கன்னியர் இல்லத்தில் சேர்க்கிறோம். தேவையானால் 181-ஐயும் 1098-ஐயும் அழைக்கிறோம்.

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் நம் முதியோருக்கு ஒரு வார்த்தை. கதவைத் திறக்காததற்காக உங்களில் சிலர் பாவசங்கீர்த்தனம் செய்கிறீர்கள். அது பாவமன்று, அம்மா. உள்ளிருந்தபடியே பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள், பங்குக்குச் சொல்லியனுப்புங்கள். அதுவே உங்கள் தர்மம். இளையோருக்கும் ஒரு வார்த்தை. சிமெண்ட் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வருவோரை, மொழி தெரியவில்லை என்பதற்காகவே திருடராக எண்ணுவது விவேகமன்று, அநீதி. ஆராய வேண்டியது சொல்லப்படும் செய்தியை. சொல்பவரின் மொழியையோ நிறத்தையோ அன்று.

இத்தனைக்குப் பிறகும் சில வேளை ஏமாறுவோம். அப்போது நம் பணம்தான் போகும். ஏமாறக்கூடாது என்பதையே வேதமாகக் கொண்டால், என்றாவது ஒருநாள் ஆண்டவரையே மழையில் நிறுத்திவிடுவோம். அந்தப் பெண்ணை நாம் பிறகு காணவில்லை. அவளிடம் கேட்க முடியாத மன்னிப்பை இம்மலர் வழியாக இறைவனிடம் கேட்கிறோம். யூபிலி கொண்டாடும் நம் பங்கின் கதவு இரக்கத்தோடும் விவேகத்தோடும் திறக்கும்படி, திருக்காவலூர் அடைக்கல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக.