கூர்க்கா வீரமும் செஞ்சோற்றுக் கடனும்

'கூர்க்கா' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுபவன் யார்? வளைந்த குக்ரிக் கத்தியை இடையிற் செருகிய அஞ்சாநெஞ்சன் ஒருவன். அல்லது தமிழ்த் திரைப்படங்களில் கோலூன்றி இரவுக் காவல் புரியும் வேடிக்கை மனிதன் ஒருவன். ஒன்று வியப்புக்குரியது, மற்றது நகைப்புக்குரியது. இரண்டிலும் அவன் பிறர் வாயிலைக் காப்பவனாகவே நிற்கின்றான். அவனுக்கென ஓர் ஊரும் நிலமும் கடனும் காத்திருக்கும் தாயும் உண்டென்பதை இவ்விரு சித்திரங்களும் மறைத்துவிடுகின்றன. அம்மறைப்பை நீக்கி அவனது வரலாற்றை நாம் நோக்குதல் வேண்டும்.

1814இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி நேபாளத்தின்மீது போர் தொடுத்தது. தெஹ்ராதூனுக்கு அண்மையிலுள்ள நாளாபானிக் குன்றின்மேல் கலங்கா என்னும் சிறு கோட்டையைப் பலபத்ர குன்வர் ஏறத்தாழ 600 பேருடன் காத்துநின்றான். பெண்களும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர். எதிர்த்து வந்த படையோ பன்மடங்கு பெரியது, பீரங்கிகளை உடையது. ஒக்டோபர் 31ஆம் நாள் கம்பனிப் படைத் தளபதி கில்லெஸ்பி கோட்டையின்முன் சுடப்பட்டு மாண்டார். பின்னும் ஒரு மாதகாலம் கோட்டை பணியவில்லை. ஈற்றில், கோட்டைக்கு நீர் செல்லும் வழியை ஆங்கிலேயர் தடுத்தனர். பீரங்கியால் ஆகாததைத் தாகம் செய்து முடித்தது. எஞ்சிய 70 பேர் வரையினருடன் பலபத்ரன் முற்றுகையை ஊடறுத்து வெளியேறினான்.

அவ்விடத்தில் ஆங்கிலேயர் பின்னர் இரு நினைவுத்தூண்களை எழுப்பினர். ஒன்று தம்முள் மாண்டோர்க்கு. மற்றது பலபத்ரனுக்கும் அவன் வீரர்க்கும். மாணவர்க்குப் புறநானூறு கற்பிக்கும்போது, வீழ்ந்த வீரனுக்கு அவன் சுற்றத்தார் நட்ட நடுகல்லைப் பற்றி நாம் பேசுகின்றோம். பகைவனுக்கே கல் நாட்டிய இச்செயல் பெருந்தன்மையானதுதான். ஆயின் அப்பெருந்தன்மையோடு ஒரு கணக்கும் உடன் சென்றது. போர் முடியுமுன்னரே, 1815இல், தம்மை எதிர்த்த அம்மலைவீரரைக் கொண்டே கம்பனியார் புதிய படைப்பிரிவுகளை அமைக்கத் தொடங்கினர். 1816இல் நிலைபெற்ற சுகௌலி உடன்படிக்கையால் நேபாளம் தன் ஆட்சிப் பரப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழந்தது. பலபத்ரனும் தாயகத்திற்காக மாண்டானல்லன். பஞ்சாப் மன்னன் ரஞ்சித் சிங்கின் படையிற் சேர்ந்து, 1823இல் நௌஷேராவில் ஆப்கானியருடன் பொருது மடிந்தான். அக்காலத்தில் லாகூருக்குச் சென்று படைத்தொழில் புரிந்தவரைக் குறித்த 'லாகுரே' என்னும் சொல், பிறநாட்டுப் படையிற் சேரும் எவரையும் குறிக்கும் சொல்லாக இன்றும் நேபாளத்தில் வழங்குகின்றது.

இம்மலைமக்கள் ஏன் சென்றனர்? போர்வெறி அவர்தம் குருதியிலே ஊறியது என்று ஆங்கிலேயர் எழுதினர். உண்மை அத்துணை மாயமானதன்று. குருங், மகர், ராய், லிம்பு என்னும் மலைக்குடிகளின் நிலம் சிறிது; வரியும் வட்டியும் பெரிது. 1854இல் இயற்றப்பட்ட முலுகி ஐன் என்னும் சட்டக்கோவை, பூணூல் தரித்த மேற்சாதியாருக்குக் கீழே, 'மது அருந்துவோர்' என்ற படியில் அவர்களை நிறுத்திவைத்தது. 1846 தொடக்கம் 1951 வரை நாட்டை ஆண்ட இராணாக் குடும்பத்தின் அரசில் அவர்கள் உயர்வதற்கு வழி அரிதாயிருந்தது. இத்தகைய ஊரில், மாதந்தோறும் கைக்கு வரும் கூலிப்பணம் எத்துணைப் பெரிதெனச் சொல்லவேண்டுவதில்லை.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தில்லி முகட்டில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற சிர்மூர்ப் படைப்பிரிவின் 490 பேருள் 327 பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். இராணாக்களின் தலைவன் ஜங் பகதூர் தன் படையுடன் லக்னௌ சென்று உதவினான். அதற்குப் பரிசாக மேற்குத் தராய்ச் சமவெளி 1860இல் நேபாளத்திற்கு மீண்டது. முதலாம் உலகப் போரின் பின்னர் ஆண்டுதோறும் 10 லட்சம் ரூபா நேபாள அரசுக்கு வழங்கப்பட்டது. குருதி சிந்தியவன் மலைக்குடியானவன். விலை பெற்றோர் ஆண்டோர்.

இதனிடையே 'போர்க்குல'க் கொள்கை உருப்பெற்றது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த ரொபேட்ஸ் அதன் பெருந்துணைவர். அதற்கு முன்னர்ச் சென்னைப் படைக்குத் தலைமை வகித்த அவர், தென்னாட்டார் போருக்கு உகந்தவரல்லர் என முடிவுகட்டினார். சென்னைப் படைப்பிரிவுகள் குறைக்கப்பட்டன. தமிழனைக் கோழையென்றும் கூர்க்காவைப் பிறவி வீரனென்றும் தீர்த்தது ஒரே பேனாதான். ஆதலின் அப்பேனா வரைந்த புகழ்ச்சியை நாம் ஐயுறுவது, கூர்க்காவின் வீரத்தை ஐயுறுவதாகாது.

அவ்வீரம் மெய்யானது. 1945 மே மாதத்தில் பர்மாவின் தௌங்டோவில், லச்சிமன் குருங் என்னும் இளைஞர் தம் பதுங்குகுழியில் விழுந்த கைக்குண்டுகள் இரண்டை எடுத்து வீசினார். மூன்றாவது கையிலேயே வெடித்தது. வலக்கை சிதைந்த நிலையில், இடக்கையாலே நான்கு மணிநேரம் சுட்டு யப்பானியரைத் தடுத்துநின்றார். இரு உலகப் போர்களிலும் மாண்டும் காயமுற்றும் போன கூர்க்காக்கள் 43,000 பேர் வரையினர்.

ஆயின் கூலிக்கு அமர்ந்த வீரன் தன் பகைவனைத் தான் தெரிந்தெடுப்பதில்லை. 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகள்மீது சுடுமாறு டயர் ஏவிய படையினருள் கூர்க்காக்களும் இருந்தனர். அரசாங்கக் கணக்கின்படியே அங்கு மாண்டோர் 379 பேர். 1947இல் பத்துக் கூர்க்காப் படையணிகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரித்தானியாவுக்கும் பங்கிடப்பட்டன. பிரித்தானியாவின் பங்கிற் சென்றோர் அடுத்த ஆண்டே மலாயாக் காடுகளிற் கொரில்லாக்களை வேட்டையாட நேர்ந்தது. இந்தியாவின் பங்கில் வந்தோர் 1987இல் இந்திய அமைதிப் படையுடன் யாழ்ப்பாண மண்ணில் இறங்கினர். அந்நாட்களின் அச்சத்தை நம் மூத்தோர் இன்னும் மறந்திலர். அவ்வச்சம் நியாயமானது. எனினும், எம் ஒழுங்கைகளில் மாண்ட அம்மலைநாட்டு மைந்தனுக்கும் எமக்கும் முன்பகை யாதுமில்லை என்பதையும் நாம் எண்ணிப்பார்த்தல் தகும்.

புகழ்ந்தவர்கள் கைம்மாறு என்ன செய்தனர்? 1997இல் இலண்டனில் கூர்க்கா வீரனுக்குச் சிலை எழுப்பினர். 1931இல் நேபாளி அகராதி தொகுத்த டர்னர் அவர்களைப் போற்றி எழுதிய சொற்களை அதிற் பொறித்தனர். ஓய்வூதியத்தையோ, இந்தியப் படையின் அளவையொட்டிக் குறைத்தே வழங்கினர். பதினைந்தாண்டுச் சேவை நிறையாது வீட்டுக்கு அனுப்பப்பட்டோர்க்கு அதுவும் இல்லை. பர்மாப் போரில் விக்டோரியாச் சிலுவை பெற்ற துல்பகதூர் புன், முதிய வயதிற் பிரித்தானியாவில் வாழ அனுமதி கேட்டபோது, அந்நாட்டுடன் போதிய தொடர்பில்லை எனக் கூறி முதலில் மறுத்தனர். 2007இல் எழுந்த கண்டனத்தின் பின்னரே இணங்கினர். ஓய்வுபெற்ற கூர்க்காக்கள் அனைவர்க்கும் குடியிருப்புரிமை நீட்டப்பட்டது 2009இல், நாடாளுமன்ற வாக்கெடுப்பில் அரசு தோற்ற பின்னர்தான். சம ஓய்வூதியம் வேண்டி 2021 ஓகஸ்டில் முன்னாள் வீரர்கள் பிரதமர் வாசத்தலத்தின் எதிரே 13 நாட்கள் உண்ணாநோன்பிருந்தனர்.

கதை இன்னும் முடியவில்லை. நான்காண்டுச் சேவைத் திட்டத்தை இந்தியா 2022இற் கொணர்ந்தபோது, நேபாளம் அப்படைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு, ருஷியப் படையிற் சேர்ந்த நேபாள இளைஞர் உக்ரேன் போர்முனையில் மாண்ட செய்திகள் வந்தன. பழைய வாயில் அடைபட்டாலும் ஊரிலுள்ள வறுமை வேறொரு வாயிலைத் தேடிக்கொள்கின்றது.

உண்ட சோற்றுக்காக உயிர் கொடுப்பதைச் செஞ்சோற்றுக் கடன் என்பது நம் மரபு. கர்ணனை அதற்காகவே போற்றுகின்றோம். கூர்க்கா அக்கடனை நாளாபானியின் மறுஆண்டு தொடங்கித் தலைமுறை தலைமுறையாக மிகையாகவே தீர்த்துவிட்டான். இன்று கடன்பட்டு நிற்பவர் சோறிட்டவரே. அக்கடனைச் சிலையாலும் புகழுரையாலும் தீர்த்தல் இயலாது. மலைக்குடியானவனின் மகன், வீரனென்று பெயர் பெறாமலே, தன் ஊரில் வயிறார உண்டு வாழும் நாளே அதைத் தீர்க்கும்.