இந்திய விமானப்படை: நிர்வாகமும் தலைமையும்

1932 அக்டோபர் 8 அன்று தொடங்கப்பட்ட இந்திய விமானப்படைக்கு, மற்ற இரு படைகளைப் போலவே, உச்சத் தளபதி குடியரசுத் தலைவர். ஆனால் போரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. 1999 கார்கில் போரில் இந்த ஏற்பாடு தெளிவாகத் தெரிந்தது. வான்தாக்குதலுக்கு அனுமதி தந்த அரசு, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. முதல் சில நாள்களில் இரண்டு போர் விமானங்களையும் ஒரு ஹெலிகாப்டரையும் இழந்த படை, அந்த வரம்பை மீறாமலேயே தன் உத்தியை மாற்றிக்கொண்டு, மிராஜ்-2000 விமானங்களால் அதிக உயரத்திலிருந்து குண்டு வீசியது. எல்லையை வகுத்தது அரசு. வழியைக் கண்டது படை.

படையின் தலைவர் ஏர் சீஃப் மார்ஷல் தகுதியிலுள்ள விமானப்படைத் தளபதி. பதவிக்காலம் மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முந்துகிறதோ அதுவரை. விடுதலைக்குப் பின்னும் ஆங்கிலேய அதிகாரிகளிடமே இருந்த தலைமை, 1954 ஏப்ரலில்தான் சுப்ரதோ முகர்ஜி வழியாக இந்தியர் கைக்கு வந்தது. இப்பதவிக்கு வருவோர் விமானிகளே, பெரும்பாலும் போர் விமானிகள். 2007இல் ஃபாலி மேஜர் வரும்வரை ஹெலிகாப்டர் விமானி எவரும் அந்த நாற்காலியில் அமரவில்லை. டெல்லித் தலைமையகத்தில் துணைத் தளபதியும், பணியாளர், பராமரிப்பு, நிர்வாகம் ஆகியவற்றுக்கான மூத்த அதிகாரிகளும் விமானப்படைத் தளபதிக்குக் கீழே பணிபுரிகிறார்கள்.

அன்றாடப் பணி நடப்பது ஏழு கட்டளையகங்களில். மேற்கு (டெல்லி), கிழக்கு (ஷில்லாங்), மத்திய (பிரயாக்ராஜ்), தென்மேற்கு (காந்திநகர்), தெற்கு (திருவனந்தபுரம்) ஆகிய ஐந்தும் களப்பணிக்கானவை. பெங்களூரு பயிற்சியையும் நாக்பூர் பராமரிப்பையும் கவனிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏர் மார்ஷல் தலைவர்.

இந்தப் பிரிவினை வரைபடத்தில் தோன்றுவதுபோல அவ்வளவு நேரானதல்ல. கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்கள் பறக்கும் தளம் திருவனந்தபுரத்துக்குக் கட்டுப்பட்டது. அங்கேயே உள்ள பழுதுபார்ப்புப் பணிமனை நாக்பூருக்குக் கட்டுப்பட்டது. தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளிக்கோ மேலிடம் பெங்களூரு. ஊர் எது என்பதைவிடப் பணி எது என்பதே அதிகாரத்தைத் தீர்மானிக்கிறது.

2019 டிசம்பரில் முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற பதவி உருவானது. அவர் அரசின் ராணுவ ஆலோசகர். விமானப்படைத் தளபதிக்குப் போர்க்கள உத்தரவு இடுபவர் அல்லர். முப்படைகளையும் வட்டாரவாரியாக ஒரே தலைமையின் கீழ் கொண்டுவரும் திட்டத்துக்கு விமானப்படையிலிருந்துதான் அதிகத் தயக்கம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு. 42 போர் விமானப் பிரிவுகளுக்கு அனுமதி இருந்தும், கையில் இருப்பவை அதைவிட வெகு குறைவு. இருப்பதையும் வட்டாரங்களுக்குப் பங்கு போட்டுவிட்டால், மேற்கில் தேவைப்படும் விமானத்தைக் கிழக்கிலிருந்து உடனே எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் வாதம்.